கொழும்பில் கூழ் வடாம் எந்த மாதம் பிழிவது?

காவிரிக்கரை · மே 19, இரவு 9.12

வணக்கம். திருச்சியிலிருந்து மார்ச் மாதம் கொழும்புக்கு வந்தோம். வீட்டுக்காரருக்கு இங்கே மூன்று வருட வேலை. வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு ஒரு சந்து தள்ளி, நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல், கீழே கரையோர ரயில்.

வந்த புதிதில் வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரியே இருந்தது. சித்திரை பிறந்ததும் கை சும்மா இருக்கவில்லை. அம்மா வீட்டில் வருஷா வருஷம் இந்த வெயிலில்தான் வடாம் போடுவோம். மே முதல் வாரம் இரண்டு படி அரிசி ஊறவைத்து அரைத்து, விடிகாலை நாலு மணிக்குக் கூழ் கிண்டி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்தேன். பதினோரு மணி வரை வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. மூன்று மணிக்குக் கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை. வேட்டியோடு சுருட்டிக்கொண்டு ஓடி வந்து ஹாலில் ஃபேனுக்குக் கீழே விரித்தேன். மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் வடாம் மேல் பச்சையாகப் புள்ளி. நாலாம் நாள் வேட்டியும் சேர்ந்து குப்பைக்குப் போனது.

விஷயம் வடாம் மட்டும் இல்லை. அலமாரியில் வைத்த அவருடைய தோல் பெல்ட்டில் பூஞ்சை. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. அப்பளத்தைப் பொரித்துத் தட்டில் வைத்துவிட்டு ரசம் எடுத்து வருவதற்குள் அது துவண்டுவிடுகிறது. விசா, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்துத்தான் வந்தோம். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் வெயில் காலம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் எந்த மாதம்?

கடையில்_வாங்கு · மே 19, இரவு 9.40

அப்பளம், வடகம் எல்லாம் வெள்ளவத்தைக் கடைகளில் பக்கெட்டில் கிடைக்கும். இதற்கு ஒரு இழையா?

பனங்காய் · மே 19, இரவு 10.25

மேலே சொன்னவர் ஒரு நாளும் வீட்டில் வடகம் போட்டிருக்கமாட்டார், விடுங்கள்.

தங்கச்சி, நான் 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தவள். எனக்கும் இதே அடி விழுந்தது. எனக்கு மோர் மிளகாய், உங்களுக்கு வடாம், அவ்வளவுதான் வித்தியாசம். வைகாசியில் இரண்டு கிலோ மிளகாயை மோரில் ஊறப்போட்டு மாடியில் பரப்பினேன். ஒரு கிழமை, உங்கள் பேச்சில் ஒரு வாரம், போராடினேன். கடைசியில் அது மிளகாயும் இல்லை, ஊறுகாயும் இல்லை.

அப்போதுதான் விளங்கியது, யாழ்ப்பாணமும் உங்கள் திருச்சியும் ஒரே கணக்கு என்று. எங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை, பிறகு மாதக்கணக்கில் வெயில். அந்தக் கணக்கை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்தால் பொருள் பழுதாகும். இங்கே காயவைக்கிற காலம் தை, மாசி. அதாவது உங்கள் ஊரில் பொங்கல் முடிந்து பனி விழுகிற நேரம். அதுவரை அரிசியைத் தொடாதீர்கள்.

குடைக்கம்பி · மே 20, காலை 6.50

மழை என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம், அதனால் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வருடத்துக்குச் சராசரி 2400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. சென்னையில் 1400 அளவு. திருச்சி அதையும்விடக் குறைவு. ஆனால் அளவைவிட மாதங்கள்தான் உங்களைக் கவிழ்த்திருக்கின்றன. எங்களுக்கு மழை உச்சம் இரண்டு முறை வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. மே மாதமும் ஒக்டோபரும் தலா 300 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜனவரி, பெப்ரவரியில் 100க்கும் கீழே.

காரணம் மலை. மே மாதம் தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையகத்தில் முட்டும். முட்டுகிற பக்கத்தில் இருக்கும் நாங்கள் நனைவோம். அதே காற்று மலையைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து, சூடாகிவிடும். அங்கே அதைக் கச்சான் என்பார்கள். ஒரே நாளில் கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்போம், மட்டக்களப்பில் முகத்தில் அனல் அடிக்கும். உங்கள் பக்கத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலை இதே வேலையைத்தானே செய்கிறது? கேரளம் நனையும்போது திருச்சி காய்கிறது. ஆகவே கொழும்பைத் தமிழ்நாட்டோடு சேர்த்துப் பார்க்காமல், கொச்சியின் அக்கா என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். நீங்கள் பார்த்த மண்டை பிளக்கிற வெயில் அதன் மிச்சம். அந்தச் சூடுதான் மாலையில் இடிமழையாகத் திரும்பி வருகிறது. காலை வெயிலை நம்பி மாடிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் உங்கள் கதிதான்.

பழைய_புதுசு · மே 20, மதியம் 1.15

நான் மாம்பலம். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இப்போது ராஜகிரியவில் இருக்கிறேன். குடைக்கம்பி சொன்னது சரிதான், ஆனால் வீட்டுக்குள் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

தோல் சாமான் எதையும் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பெல்ட், செருப்பு, கைப்பை எல்லாம் வெளியே காற்றில் தொங்கட்டும். அலமாரிக் கதவை வாரத்துக்கு ஒரு நாளாவது திறந்துவிடுங்கள். உப்பில் ஒரு பிடி அரிசி போட்டுவையுங்கள். ரவை, கோதுமை மாவு எல்லாம் ஃபிரிட்ஜில். முக்கியமாக, சர்டிபிகேட்! என்னுடைய டிகிரி சர்டிபிகேட்டில் பூஞ்சை ஏறி, பல்கலைக்கழக முத்திரை இருந்த இடத்தில் இப்போது ஒரு தீவு மாதிரி கறை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்து சேர்த்து வையுங்கள்.

நீங்கள் கடல் பக்கம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை காற்று கடலிலிருந்து வீட்டுக்குள் அடிக்கும். அதில் உப்புச் சாரல் இருக்கும். கடல் பார்த்த பால்கனியில் துணி போட்டால் அதில் உப்புப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், துணி எத்தனை நாள் தொங்கினாலும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். கடலுக்கு எதிர்ப்பக்கம், காலி வீதி (Galle Road) பார்த்த பக்கத்தில் காயப்போடுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கிரில், கதவுக் கீல் எல்லாவற்றையும் அது தின்னும். கடல் தெரிகிற வீடு என்று வாடகையைக் கூட்டிக் கேட்டார்கள் அல்லவா, துரு அதில் சேர்த்தி.

அப்புறம் தயிர். முதல் வாரம் நான் கடையில் யோகட் கப் வாங்கி வந்து தயிர்சாதம் பிசைந்தேன். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாம் தாளித்துக் கொட்டி ஒரு வாய் வைத்தால் பாயசம். இங்கே யோகட் என்றால் சர்க்கரை போட்டது. மண்சட்டியில் விற்கிற எருமைத் தயிரை வாங்குங்கள், கத்தி போட்டு வெட்டலாம். இந்த ஊர்க்காரர்கள் அதன்மேல் கித்துள் பாணி, அதாவது ஒரு வகைப் பனைப்பாகு, ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதையும் ஒரு நாள் செய்து பாருங்கள். பிறகு தயிர்சாதத்துக்குத் தயிர் மிஞ்சாது.

காவிரிக்கரை · மே 20, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. பனங்காய் அக்கா, உங்கள் மிளகாய்க் கதையைப் படித்ததும் எனக்கு ஏனோ மனசு லேசாகிவிட்டது.

மழை என்றதும் நினைவு வருகிறது, இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ். இறங்குவதற்கு சிங்களத்தில் 'பஹினவா' என்று சொல்லவேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார். மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பம்பலப்பிட்டி வந்ததும் பதற்றத்தில் சத்தமாக 'வஹினவா, வஹினவா' என்று கத்தினேன். கண்டக்டர் குனிந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். 'நே மிஸ், அவ்வ னே' என்றார். பஸ்ஸே சிரித்தது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி வீட்டுக்கு வந்து கேட்டால், நான் சொன்னதற்கு 'மழை பெய்கிறது' என்று அர்த்தமாம். 'இல்லை மிஸ், வெயில்தானே அடிக்கிறது' என்று அந்த மனிதர் பாவம், பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

மருதானை_ஸ்டேஷன் · மே 20, இரவு 9.05

தாத்தா, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. இன்னும் ஒரு மாதம் போகட்டும், நீங்கள் 'வஹினவா' என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள், எல்லாரும் குடையை எடுப்பார்கள்.

காவிரிக்கரை · மே 20, இரவு 9.11

எனக்கு 34 வயது, நான் பெண். தாத்தா இல்லை.

மருதானை_ஸ்டேஷன் · மே 20, இரவு 9.20

மன்னிக்கவேண்டும்! எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம். மரியாதைக்குச் சொன்னது. அத்தோடு, சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஆக, இந்த ஊர்ச் சந்தையில் நின்று 'தாத்தா' என்று ஒரு குரல் கொடுத்தால் உங்கள் ஊர்க் கிழவர், எங்கள் வீட்டு அக்கா, சிங்கள வீட்டு அப்பா மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி விளையாட்டை விட்டு ஒரு விஷயம். பால்கனியில் வாளி, அண்டா எதிலாவது தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறீர்களா? ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும் என்பதால் கேட்கிறேன்.

காவிரிக்கரை · மே 20, இரவு 9.26

இரண்டு அண்டா, நாலு குடம். குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. ஏன்?

மருதானை_ஸ்டேஷன் · மே 20, இரவு 9.48

இன்று இரவே கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு, உங்கள் பேச்சில் டெங்குக் கொசு, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பொரித்துப் பறக்கிற நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். பூச்சட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மாடியில் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டை, மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலி எல்லாவற்றையும் வெள்ளிக்கு வெள்ளி பாருங்கள். பி.எச்.ஐ. மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். குடம்பி (நுளம்புப் புழு) இருந்தால் வழக்கு, தண்டம். 2007இல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. எங்கள் வீட்டில் தம்பி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்தோம். டொக்டர் வந்து, ஆபத்தான நேரம் இனித்தான் தொடங்குகிறது என்றார். பிளேட்லெட் எண்ணிக்கையைக் காலையும் மாலையும் உம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்தார், கணக்குப் புத்தகம் மாதிரி. அந்தக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. மழை விட்டு இரண்டு கிழமையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள், இரத்தம் சோதியுங்கள்.

தேயிலைத்தூள் · மே 21, இரவு 11.30

கடை பூட்டிவிட்டு இப்போதுதான் படித்தேன். நான் ஹட்டன் பக்கம். பத்து வருஷமாகப் புறக்கோட்டையில் வேலை, கொட்டாஞ்சேனையில் அறை.

அக்கா, உங்களுக்கு மழை புதுசு. எனக்கு இந்த ஊர் வேர்வை புதுசு. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் குளிரும் மழையும் சேர்ந்து வரும், கம்பளியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மலைக்கு ஏறுவார்கள். இங்கே முதல் வருஷம் நான் தூங்கியது மாடியில், ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு. ஜனவரி விடியலில் 22 டிகிரிக்கு இறங்கினால் கொழும்புக்காரர்கள் குளிர் என்று ஸ்வெட்டர் போடுவார்கள். சிரிக்காதீர்கள், போன வருஷம் நானும் போட்டேன்.

காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். நான் பழத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். ரோட்டோரத்தில் மல்வானை ரம்புட்டான் குவிந்தால் ஜூன், ஜூலை. கூடவே மங்குஸ்தான் வரும். பஸ்ஸில் யாரோ துரியன் பழத்தோடு ஏறி எல்லாரும் மூக்கைப் பொத்தினால் அதுவும் ஆடி மாதம்தான். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற கூட்டம் கோட்டை ஸ்டேஷனில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தால் டிசம்பர் பிறந்துவிட்டது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து கிளம்பினால் வருஷத்தில் பாதி போய்விட்டது.

அப்புறம் போயா. பௌர்ணமி தோறும் அரசு விடுமுறை. இறைச்சிக் கடை, மதுக்கடை எல்லாம் பூட்டு. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஏப்ரல் புத்தாண்டுக்குக் கடைகள் நாள் கணக்கில் பூட்டிக்கிடக்கும், ஊரே காலியாகும்.

காவிரிக்கரை · மே 22, காலை 10.02

ஏப்ரலில் அது எங்களுக்கு நடந்தது! வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் பால் இல்லை, காய் இல்லை. புத்தாண்டுக்கு இத்தனை நாள் ஒரு ஊர் மூடிக்கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கீழ் வீட்டு அன்ரிதான் கிரிபத் கொண்டுவந்து கொடுத்தார், பால்சோறு. கோயிலில் கொடுத்த மருத்துநீரையும் கொடுத்தார். அதைக் குடிப்பதா என்று கேட்டேன். தலையில் வைத்துக் குளிக்கவேண்டுமாம்.

அண்டா இரண்டையும் கவிழ்த்துவிட்டேன், மருதானைத் தம்பி.

பனங்காய் · ஜூன் 27, மாலை 5.40

தங்கச்சி, ஊரிலிருந்து கறுத்தக் கொழும்பான் வந்திருக்கிறது. பெயரில்தான் கொழும்பு, மாம்பழம் யாழ்ப்பாணம். இது எங்கள் ஆட்களுக்கு ஒரு பழைய வழக்கு, இன்னும் தீர்ப்பு வரவில்லை. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் போனால் கேட்டு வாங்குங்கள். மழை விட்ட நேரம் பார்த்துப் போங்கள்.

காவிரிக்கரை · அக்டோபர் 24, இரவு 10.15

தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். டப்பாவில் போடுவதற்குள் நமத்துப்போனது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேற்று மாலை ஒரு இடி. ஒரே ஒரு இடிதான். ஜன்னல் நீலமாக ஒளிர்ந்தது, வைஃபை ரவுட்டரிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு கருகின வாசனை. ரவுட்டர் போயிற்று. டிவியில் இப்போது பாதித் திரைதான் தெரிகிறது. எங்கள் ஊரிலும் இடி உண்டு, இப்படிக் குறிபார்த்து விழுந்து பார்த்ததில்லை.

குடைக்கம்பி · அக்டோபர் 24, இரவு 10.31

இதைச் சொல்ல மறந்தது என் தவறு. தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடை பிடிப்பதற்கு முன் ஒரு இடைவெளி வரும். ஒக்டோபர், நவம்பர். காற்று இருக்காது, காலையில் வெயில், பின்னேரம் மேகம் கூடாரம் மாதிரி எழும், நாலு மணிக்கு மேல் இடி. மார்ச், ஏப்ரலிலும் இதே நிலைதான். இந்த மாதங்களில் வானம் கறுத்தால் பிளக்கை இழுத்துவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. அன்டெனா வயர், இணைய வயர் இரண்டையும் கழற்றவேண்டும், இடி அந்த வழியாகவும் உள்ளே வரும்.

பனங்காய் · ஜனவரி 22, காலை 7.05

தங்கச்சி, இன்று காலை வாசல் கதவைத் திறந்தீர்களா? காற்றுத் தரைப் பக்கமிருந்து வருகிறது. என் உப்புச் சாடி நாலு நாளாகக் காய்ந்து கிடக்கிறது. அரிசியை ஊறப்போடுங்கள்.

காவிரிக்கரை · பிப்ரவரி 3, இரவு 9.00

அக்கா சொன்னதும் ஒரு படி மட்டும் ஊறவைத்தேன், போன வருஷ பயம் இன்னும் இருக்கிறதே. இந்தத் தடவை புது வேட்டி. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் அன்டெனாவுக்கும் நடுவில் ஆறடி இடம், அதற்கே வீட்டு ஓனரிடம் இரண்டு முறை போன் போட்டுக் கேட்கவேண்டியிருந்தது.

முதல் நாள் மழை வரவில்லை, காகம் வந்தது. திருச்சிக் காகம் ஒன்று வந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, பயந்து, ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு ஓடும். கொழும்புக் காகம் பத்துப் பதினைந்தாக வந்து உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிடுகிறது. துரத்தினால் தொட்டி மேல் ஏறி நின்று திட்டுகிறது. கறுப்புக் குடையை விரித்து நட்டு வைத்தேன். ஒரு மணி நேரம் வேலை செய்தது. பிறகு அதன் நிழலில் உட்கார்ந்து தின்றன. கடைசியில் பழைய நுளம்பு வலையை மேலே கட்டினேன். பாருங்கள், கொசு வலை என்று எழுத வந்து நுளம்பு வலை என்று எழுதிவிட்டேன்.

மூன்று நாள் வெயில். இரண்டாம் நாள் மாலை வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து உரித்தேன். மூன்றாம் நாள் கையில் எடுத்து ஒடித்தால் 'டக்' என்று ஒடிந்தது. அந்தச் சத்தம் கேட்டு பத்து மாதம் ஆயிற்று. இன்று நாலு பொரித்தேன், வெள்ளை வெளேரென்று பூத்தது. கீழ் வீட்டு அன்ரிக்கு ஒரு டப்பா கொடுத்தேன். 'பப்படமா?' என்றார். அரைகுறைச் சிங்களத்தில் இல்லை என்று விளக்கப் பார்த்து, முடியாமல், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காகம் எடுத்தது போக ஒரு டப்பா அக்காவுக்கு இருக்கிறது. எந்தச் சந்து என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பனங்காய் · பெப்ரவரி 3, இரவு 9.22

அனுப்பியிருக்கிறேன். வெறுங்கையோடு போகவிடமாட்டேன், ஊரில் வேம்பு பூத்ததும் எனக்கு வேப்பம்பூ வடகம் வரும், உங்களுக்கும் ஒரு பை. நல்ல கசப்பு, முதலில் ஒன்றே ஒன்று பொரித்துப் பாருங்கள்.

கடையில்_வாங்கு · பெப்ரவரி 3, இரவு 11.10

ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைத்தீர்கள்?